சண்டைப் பாடம்

மாட்டுப் படம் போட்ட அட்டை ஜன்னல் கம்பிக்கு நடுவில் புகுந்து வெளியே போய் விழுந்தது. குதிரை ஏற்கெனவே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பந்தும் மாம்பழமும் வாசற்படியில். ரெஜினா இடது கையால்தான் வீசினாள். வலது கை இன்னும் சொன்னபடி கேட்கவில்லை.

"எடு," என்றாள் சுப்புலட்சுமி. "நீதான வீசுன. நீயே எடு."

ரெஜினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடலூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன் உனக்காக. வடலூர்ல வெயில்ல காய்ஞ்சுட்டு வர்றேன். நீ மாட்டத் தூக்கி வெளிய எறியற."

சமையலறையிலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது. "அதுக்கு மாடுன்னா ஆவாது டீச்சர். மாட்டாலதான அது இப்பிடிக் கெடக்குது. படிச்சவங்க, அதுகூடத் தெரியாமலா படத்த எடுத்துக்கினு வந்தீங்க?"

சுப்புலட்சுமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வாகன விபத்து' என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள். எருமை குறுக்கே வந்ததை யார் எழுதுவார்கள்?

அந்த வருஷம் ஜூன் மாதம் குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்பாவும் பெண்ணும் டிவிஎஸ் ஐம்பதில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தி நேரம். முந்திரிக் காட்டிலிருந்து எருமை ஒன்று தன் பாட்டுக்கு ரோட்டில் ஏறியது. அப்பா அமிர்தநாதனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. ரெஜினாவுக்கு மதகுச் சுவரில் தலை. அப்போதுதான் பத்தாவது முடித்துப் பிளஸ் ஒன் சேர்ந்திருந்தாள். பாண்டிச்சேரியில் கண் திறக்காமல் கிடந்து, மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தாள். சொல்வதெல்லாம் புரிந்தது. பதில்தான் வரவில்லை. வாயைத் திறந்தால் "இந்த... இந்த..." என்பதோடு நின்றுவிடும். எழுதிக் காட்டச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிப்போய் நின்றன. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, சுப்புலட்சுமியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பி வைத்தார்கள்.

லூர்துமேரியின் வாயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுரங்கக் குடியிருப்பின் அந்த பிளாக்கில் அந்த வாய்க்கு ஒரு தனி மரியாதை உண்டு. குழாயடி, ரேஷன் கடை, சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஆள், யாரும் அதற்குத் தப்பியதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் காயப் போட்ட துணியில் விழுந்தால் புகைபோக்கியைப் பார்த்தே திட்டுவாள். ரெஜினாவுக்கும் அதே வாய்தான் இருந்தது. விபத்துக்கு முன்னால் இரண்டு பேரும் சண்டை போட்டால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். இப்போது லூர்துமேரி தனியாகவே சண்டை போட்டாள். மகளுக்கும் சேர்த்து அவளே பேசினாள். பாசத்தில்தான். ஆனால் பாசம் என்பதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்ன?

அப்போது வெளியே சைக்கிள் மணி அடித்தது. ரெஜினா விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, "இந்த... இந்த..." என்றாள்.

"நான்சிதான் போவுது," என்று லூர்துமேரி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "ஏன் கத்துற? புழுக்கமா இருக்குதா? இரு, ஃபேன கூட்டி வெக்கிறேன்."

வந்தாள், ஃபேனைக் கூட்டினாள், போனாள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை மட்டும் அறையில் நின்றது. ரெஜினா கட்டில் சட்டத்தை இடது கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

சுப்புலட்சுமி எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு பெண் சிவப்பு லேடீஸ் சைக்கிளில் தெரு முனை திரும்பிக்கொண்டிருந்தாள்.

"அது உன் சைக்கிளா?"

ரெஜினா தலையை ஆட்டினாள்.

"உன்னக் கேக்காம குடுத்துட்டாங்களா?"

இந்த முறை தலையோடு கண்ணீரும் ஆடியது. சைமன்ராஜ், லூர்துமேரியின் அண்ணன், நான்சியின் அப்பா, "சும்மா துருப் புடிச்சிக்கினு கெடக்குதே, நான்சி ஓட்டட்டும்" என்று கேட்டார். லூர்துமேரி கொடுத்துவிட்டாள். பிளஸ் ஒன் சீட்டையும் அப்படித்தான் விட்டுக் கொடுத்தாள். ரெஜினாவின் பாவாடை தாவணிகூட நான்சி வீட்டுக்குப் போய்விட்டது. கட்டிலில் கிடப்பவளிடம் யார் கேட்பார்கள்?

சுப்புலட்சுமி மிச்சமிருந்த அட்டைகளைப் பைக்குள் போட்டு மூடினாள். அவளுக்கும் எரிச்சல் அடங்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சது இந்த அட்டதான். இது உனக்கு வேணாம். சரி. அப்ப என்னதான் கத்துக்கணும்னு நீயே சொல்லு. மாம்பழம் வேணாம், மாடு வேணாம். வேற என்ன?"

ரெஜினா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். பிறகு தெருவைக் காட்டினாள். முஷ்டியை மடக்கினாள். "ச... ச..."

சுப்புலட்சுமி சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தாள். ரெஜினா இடது கையை நீட்டி அவள் வாயைப் பொத்திவிட்டாள். வலிக்கும்படியே பொத்தினாள். அப்படியே பொத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கத் தேடி, கடைசியில் சொன்னாள்.

"சண்ட."

இப்படித்தான் அந்தப் பாடம் ஆரம்பித்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். டீச்சர் பாதி, பிள்ளை பாதி என்று சேர்ந்து செய்தது. சண்டைக்கு என்னென்ன சொல் வேண்டும் என்று சுப்புலட்சுமி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு விருப்பமில்லை" என்றாள். ரெஜினா உதட்டைப் பிதுக்கினாள். இந்த வீட்டில் எவரும் அப்படிப் பேசியதில்லை. "தயவுசெய்து கேளுங்கள்" என்றதற்கு ரெஜினா சிரித்தே விட்டாள். கடைசியில் தேறியவை ரெஜினாவுக்குப் பிடித்தவை மட்டும். வேணாம். என்னுது. யாரக் கேட்டுக் குடுத்த? நான் முடிக்கல. இந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள். அதோடு ஒரு சட்டமும் அவளே போட்டாள். அவளோடு சண்டை போடுகிறவர்கள் அவளுக்குச் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சண்டைக்கு எதிராளி வேண்டுமே. அமிர்தநாதன் முதல் ஷிஃப்ட் முடித்து, முழங்கால்வரை களிமண்ணோடு வந்து நின்றார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் செக்‌ஷனில் பர்மனென்ட். மழை பிடித்தால் மேல்மண் பெல்ட்டில் பசையாக ஒட்டிக்கொள்ளும். நாளெல்லாம் சுரண்ட வேண்டும். கை கால் கழுவிக்கொண்டு வந்ததும் அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார்கள்.

"சைக்கிள நான்சிக்குக் குடுத்தா என்ன தப்புன்னு கோவமா கேளுங்க சார்," என்றாள் சுப்புலட்சுமி.

அமிர்தநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மகளைப் பார்த்தார். தலையில் தையல் போட்ட இடத்தில் மட்டும் முடி இன்னும் வளரவில்லை.

"சைக்கிள குடுத்தது தப்புதாம்மா," என்றார். "அப்பாவ மன்னிச்சிக்க."

"ம்ஹும்!" ரெஜினா தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தாள். "சண்ட!"

"நான் எப்பிடிம்மா ஒங்கிட்ட சண்ட போடுவேன்? நான்தான வண்டிய..."

"போ... போ... டா!"

அமிர்தநாதன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், பாத்தீங்களா? எம்மாம் அழகா சொல்லுது!"

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த தனத்துக்கு அது அழகாகப் படவில்லை. லூர்துமேரி குழாயடியிலிருந்து திரும்பும்போது வழிமறித்துச் சொன்னாள். "ஒம் பொண்ணு பெத்த அப்பன போடான்னுது லூர்து. அந்த டீச்சரம்மா கூட ஒக்காந்துக்கினு சிரிக்குது. வாய் வராத புள்ளைக்கு இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?"

லூர்துமேரி குடத்தை இறக்கி வைக்காமலேயே உள்ளே வந்தாள். அன்று வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபர் பிறந்தது. ஜெபமாலை மாதம். அந்த பிளாக்கின் அன்பியத்தார், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள், தினம் ஒரு குவார்ட்டர்ஸுக்கு மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவார்கள். போகிற வீட்டில் எல்லாருமாக முழங்காலிட்டு ஜெபமாலை சொல்வார்கள். அன்பியத் தலைவர் சைமன்ராஜ்தான்.

மாதா இன்னும் இவர்கள் வீட்டுக்கு வராத ஒரு சாயங்காலம். அமிர்தநாதன் இரண்டாவது ஷிஃப்ட் போயிருந்தார். லூர்துமேரி மாதா படத்தின் முன்னால் தனியாக மணி உருட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணிக்கும் உள்ள ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஆளில்லாததால் இரண்டையும் அவளே சொன்னாள். மூச்சு வாங்க முன்பாதியோடு ஒரு நிமிஷம் நிறுத்தினாள். கட்டிலிலிருந்து பின்பாதி வந்தது. ஒரு சொல் பிசகாமல், தடுக்காமல், ஆமென் வரைக்கும்.

லூர்துமேரி கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது. எடுத்து மறுபடி முன்பாதியைச் சொன்னாள். மறுபடி பின்பாதி வந்தது. ரெஜினாவின் கண்களிலும் திகைப்புதான். லூர்துமேரி வாசலுக்கு ஓடினாள். "தனம்! எம் புள்ள பேசிடுச்சி தனம்! மாதா பேச வெச்சிட்டா!"

பெற்றவளைக் குறை சொல்லிப் பயனில்லை. நாலு மாதமாக "இந்த, இந்த" என்பதையே கேட்டுக்கொண்டிருந்த காதுக்கு அது அற்புதமாகத்தான் தெரியும். ஆனால் அதற்கு மேல் அவள் செய்தது தப்பு. ஜெபம் முடிந்ததும், "என்னா சாப்புடுற?" என்று கேட்டாள். ரெஜினா "இந்த..." என்று தொடங்கித் தேடினாள். "தோசதான? தோசன்னுதான் சொல்ல வருது," என்று சொல்லிக்கொண்டு கல்லைப் போடப் போய்விட்டாள் லூர்துமேரி. ரெஜினாவுக்குத் தோசை வேண்டாம்.

வியாழக்கிழமை சுப்புலட்சுமி வந்தபோது கேட் உள்பக்கம் கொக்கி போட்டிருந்தது. லூர்துமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே நின்றாள்.

"இனிமே வர வேணாம் டீச்சர். எம் பொண்ணுக்குப் பேச்சு வந்துடுச்சி. முழு ஜெபமும் சொல்லுது."

"அது பேச்சில்லீங்கம்மா. மனப்பாடம். சின்னதுலேர்ந்து சொல்லிச் சொல்லிப் பழகுனது, அடி பட்டாலும் அப்படியே தங்கிடும். பேச்சுங்கறது தானா யோசிச்சுச் சொல்றது. அது வேற."

"மாதா குடுத்தத மனப்பாடங்கிறியா? நீ என்னா குடுத்த? அப்பன போடான்னு சொல்லிக் குடுத்த."

"நான் சாமியக் கொற சொல்லலீங்க..."

"கொற சொல்ல நீ யாரு?"

சுப்புலட்சுமிக்கும் பொறுமை போய்விட்டது. "சரி, பசிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம். தல வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க. ஜெபத்துல அதுக்கு வழி இருக்கா? அவ வாயைத் தெறந்தாலே நீங்க முடிச்சு வெச்சுடுறீங்க. அவளுக்கு எப்படி வரும்?"

"எம் புள்ளைக்கு என்னா வேணும்னு எனக்குத் தெரியாதா? பெத்தவ நானா நீயா? போம்மா, போ. பஸ்ஸப் புடி."

உள்ளே கட்டில் சட்டம் படார் படாரென்று அடிபடும் சத்தம் கேட்டது. லூர்துமேரி திரும்பிப் பார்க்கவில்லை. சுப்புலட்சுமி பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரே பகை. ரெஜினா அம்மா கையால் ஊட்ட வந்தால் வாயைத் திறக்கவில்லை. இடது கையால் தானே அள்ளிப் பாதியைக் கீழே சிந்தினாள். ஜெப நேரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் லூர்துமேரி முன்பாதியைச் சொல்லி முடித்ததும் நாக்கு இவளைக் கேட்காமலேயே பின்பாதியைச் சொல்லிவிடும். தன் வாயே தன்னைக் காட்டிக் கொடுக்கிறதே என்று அவள் அழுதாள். அதைப் பக்திக் கண்ணீர் என்று தனத்திடம் சொன்னாள் லூர்துமேரி.

"அப்பா... நீ... சொல்லு," என்றாள் ரெஜினா ஒருநாள். டீச்சரைக் கூப்பிடத்தான்.

"நான் சொன்னா ஒங்கம்மா கேப்பாளாம்மா?" என்றார் அமிர்தநாதன். அவர் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத ஆள்.

சனிக்கிழமை சாயங்காலம் தூறலோடு தூறலாக மாதா அவர்கள் வீட்டுக்கு வந்தாள். சைமன்ராஜ் தோளில் துண்டைப் போட்டு, அதன் மேல் சுரூபத்தை அணைத்துத் தூக்கி வந்தார். குழந்தைகள் மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். கூடமும் வராந்தாவும் நிறைந்துவிட்டன. லூர்துமேரி ஒரு பெரிய பாத்திரத்தில் டீ போட்டு வைத்திருந்தாள். காராபூந்தியைத் தட்டில் கொட்டி ஈரத் துணியால் மூடி, பிறகு நமத்துப் போகும் என்று துணியை எடுத்தாள். ரெஜினாவுக்குப் புதுச் சுடிதார் போட்டு, தலையில் முக்காடு போட்டுச் சுரூபத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இன்னிக்கு ரெஜினாதான் நடத்தும்," என்று சைமன்ராஜ் அறிவித்தார். "ஒரு எழுத்துகூட வராம கெடந்த புள்ள. நீங்களே கேளுங்க."

ஆரம்பித்துக் கொடுத்ததும் ரெஜினாவின் வாய் ஓடியது. அருள் நிறைந்த மரியே என்று அவள் தொடங்கத் தொடங்க, கூட்டம் பின்பாதியைச் சொன்னது. ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் உருண்டு முடிவதற்குள் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். தனம் குலுங்கி அழுதாள். லூர்துமேரியின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

"இப்ப அடுத்த பத்து மணிக்கு ரெஜினாவே ஒரு கருத்து சொல்லி ஒப்புக்குடுக்கும்," என்றார் சைமன்ராஜ். கருத்து என்பது இன்ன வேண்டுதலுக்காக என்று சொந்த வார்த்தையில் சொல்வது. அதற்கு மனப்பாடம் கிடையாது.

ரெஜினா வாயைத் திறந்தாள். "இந்த... இந்த..."

கூட்டம் காத்திருந்தது. மெழுகுவர்த்தி வைத்திருந்த ஒரு குழந்தை சிரித்தது.

"இந்தப் பத்து மணிய," என்று லூர்துமேரி எடுத்துக் கொடுத்தாள், "எனக்குப் பேச்சக் குடுத்த மாதாவுக்கு நன்றியா..."

"நான்... முடிக்கல."

லூர்துமேரி சிரித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்தாள். "வெக்கப்படுது. எனக்குப் பேச்சக் குடுத்த மாதாவுக்கு..."

"வாய... மூடு."

தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாதா முன்னாடி என்னா பேச்சு பேசுது பாரு!" சைமன்ராஜ் எழுந்துவிட்டார். "பெத்தவள இப்பிடிப் பேசுற நாக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

ரெஜினா அவர் பக்கம் திரும்பினாள். முக்காடு நழுவியது. "மாமா... சைக்கிள... யாரக் கேட்டு... எடுத்த?"

நான்சி சுவரோரமாக ஒண்டிக்கொண்டாள். சைமன்ராஜ் லூர்துமேரியைப் பார்த்தார். ரெஜினா நிறுத்தவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பெல்ட்டில் ஒட்டிய களிமண் மாதிரி சுரண்டிச் சுரண்டித்தான் எடுத்தாள். ஆனால் எடுத்தாள்.

"எனக்கு... ஜெபம் வரும். பேச்சு... வராது. டீச்சர்... வரணும்."

சைமன்ராஜ் துண்டைத் தோளில் போட்டு மாதாவைத் தூக்கினார். "எல்லாரும் எழுந்திருங்க. மிச்சத்த எங்க வூட்ல சொல்லிக்கலாம்." ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். டீயை யாரும் தொடவில்லை. நல்லதற்கோ கெட்டதற்கோ, அந்த பிளாக்கில் மாதா பாதி ஜெபமாலையில் புறப்பட்டுப் போன வீடு அது ஒன்றுதான்.

கதவைச் சாத்திவிட்டு லூர்துமேரி திரும்பினாள். அமிர்தநாதன் குறுக்கே வந்தார். "தள்ளு," என்றாள். அவர் தள்ளி நின்றார்.

"மானத்த வாங்கிட்டியேடி! இந்த ஏரியாவுல நான் தல காட்ட முடியுமா?"

"காட்டு... காட்டாத. எனக்கு... என்னா?"

"என்னாவா? பாண்டிச்சேரில ஒன் கட்டிலுக்குக் கீழ துண்ட விரிச்சிக் கெடந்தேன். முட்டி தேய ஜெபம் சொன்னேன். ஒனக்குப் பேச்சு வரணும்னுதான?"

"நீயே... பேசுற."

"ஒனக்கு வராதப்போ வேற யாரு பேசுவா?"

"வரும். நீ... வுட்டா... வரும்."

"எப்ப வரும்? எப்ப? நீ ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள சோறு கொழஞ்சி போயிடும்!"

"கொழை... கொழையட்டும்."

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து இரண்டு குரல் சண்டை இப்போதுதான் கேட்கிறது. லூர்துமேரிக்கு இருந்த கோபத்தில் மகள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு முறையும் நின்றாள், முறைத்துக்கொண்டு. தான் நிற்பது அவளுக்கே தெரியவில்லை. அமிர்தநாதன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்ன பொழைக்க வெச்சதே இந்த ஜெபந்தாண்டி," என்றாள் லூர்துமேரி. குரல் உடைந்துவிட்டது. "அதுக்கா இந்த மரியாத?"

ரெஜினா தேடினாள். வெகுநேரம் தேடினாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"செத்துருந்தா... ஜெபம் போதும்மா," என்றாள். "பொழச்சிட்டேன்ல. பேச... வுடு."

லூர்துமேரி வாயைத் திறந்தாள். குழாயடியையே அடக்கிய வாய். ஒன்றும் வரவில்லை. மூடினாள். மறுபடி திறந்தாள். ரெஜினா அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வரட்டும்," என்றாள் லூர்துமேரி கடைசியில். "வந்து தொலையட்டும். ஆனா ஒரு டம்ளர் தண்ணி குடுக்க மாட்டேன் அந்த டீச்சருக்கு."

"தண்ணி... நான்... குடுப்பேன்," என்றாள் ரெஜினா.